கே.ஏ. நம்பர் வண்டி, 22,000 ரூபாய் எக்ஸ்டெண்டட் வாரண்டி: போடலாமா?

காரிமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் ஒரு கார் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் விற்கும் கடையில், 2020 மாடல் டீசல் எஸ்யூவி ஒன்றைப் பார்த்திருக்கிறார். கே.ஏ. நம்பர், அதாவது கர்நாடகப் பதிவு, பெங்களூரில் ஓடிய வண்டி, ஒரே ஓனர், மேனுவல் கியர், 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விலை பேசி முடிந்ததும், "மேல ஒரு 22,000 போட்டீங்கன்னா ரெண்டு வருஷத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி, இன்ஜின் கியர்பாக்ஸ் எல்லாம் கவர் ஆகிடும்" என்றார்களாம். போடலாமா, போட்டால் எதைப் பார்த்துப் போடுவது என்று கேட்கிறார்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் அட்வைசராக இருந்து வாரண்டி க்ளெய்ம் எழுதியவன் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன். அவர்கள் வாயால் சொன்னதற்கு மதிப்பு கிடையாது. அந்த வாரண்டியின் முழு விதிமுறைத் தாளை, அதிலும் "இவையெல்லாம் சேராது" என்று இருக்கும் பக்கத்தை, கையில் வாங்கிப் படிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். தாளைக் காட்ட மறுத்தாலோ, "பணம் கட்டினப்புறம் மெயில்ல வரும்" என்றாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். தாள் கிடைத்துப் படித்த பிறகும், நீங்கள் சொல்லும் இந்த வண்டிக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது என்பதுதான் என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் இது யாருடைய வாரண்டி என்று தெரிய வேண்டும். எக்ஸ்டெண்டட் வாரண்டி என்ற ஒரே பேரில் சந்தையில் மூன்று விதம் ஓடுகிறது. வண்டியைத் தயாரித்த கம்பெனியே கொடுப்பது ஒன்று. முதல் ஓனர் புது வண்டி எடுக்கும்போதோ, அடிப்படை வாரண்டி முடிவதற்குள்ளோ பணம் கட்டி நீட்டிக்கொள்வது இது, வண்டியோடு சேர்ந்து உங்களுக்கு வரும். இரண்டாவது, கம்பெனியின் சொந்த பழைய கார் கடையில் சோதித்து விற்கும் வண்டிக்குக் கிடைப்பது. மாருதியின் ட்ரூ வேல்யூவில் சர்டிஃபைடு வண்டிக்கு ஒரு வருடம் வரை வாரண்டியும் 3 இலவச சர்வீஸும் தருகிறார்கள் அல்லவா, அந்த வகை. மூன்றாவது, கன்சல்டிங்காரர் வேறு ஏதோ ஒரு நிறுவனத்தின் பேரில் எழுதித் தருவது, அல்லது தன் லெட்டர் பேடிலேயே எழுதித் தருவது. உங்களுக்குச் சொல்லியிருப்பது இந்த மூன்றாவது வகை என்றுதான் தெரிகிறது. லெட்டர் பேடில் எழுதித் தருவது என்றால் அந்தக் கடை இருக்கும் வரைதான் அந்த வாரண்டியும் இருக்கும்.

கம்பெனி வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்பதை நீங்களே ஒரே நாளில் கண்டுபிடித்துவிடலாம். ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு அந்த பிராண்டின் எந்த சர்வீஸ் சென்டருக்குப் போனாலும், வண்டி டெலிவரி ஆன தேதி, வாரண்டி எதுவரை, எந்தெந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் ஆகியிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் தெரியும். சில இடத்தில் ஓனர் வந்தால்தான் காட்டுவோம் என்பார்கள், அப்போது விற்பவரையே கூட்டிப் போங்கள். வாரண்டி கணக்கு மாடல் வருஷத்திலிருந்து ஓடாது, முதல் ஓனர் வண்டியை எடுத்த தேதியிலிருந்து ஓடும். வருஷம், கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு சரி.

2020 வண்டி என்றால் இதில் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது. உதாரணத்துக்கு மாருதியை எடுத்துக்கொண்டால், அப்போது அடிப்படை வாரண்டி 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர், பணம் கட்டி நீட்டினால் 5 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வரை. 2024 ஜூலையில்தான் அடிப்படையையே 3 வருஷம், 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தி, நீட்டிப்பை 6 வருஷம், 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை கொண்டுபோனார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு, அதனால் உங்கள் வண்டியின் புத்தகத்தைப் பாருங்கள். இதே பட்ஜெட்டில் இரண்டு வருஷம் இளைய வண்டி கிடைத்து அதில் கம்பெனி வாரண்டி உயிரோடு இருந்தால், அது எந்தக் கன்சல்டிங் தாளையும்விட மேல். கொஞ்சம் சின்ன வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை என்றால் நான் அந்தப் பக்கம்தான் போகச் சொல்வேன்.

இனி தாளுக்கு வருவோம். "இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் கவர்" என்பது பெரும்பாலும் இன்ஜினுக்குள்ளும் கியர்பாக்ஸுக்குள்ளும் ஆயிலில் நனைந்து ஓடும் பாகங்களை மட்டும் குறிக்கும். பிஸ்டன், கிராங்க், வால்வு, கியர் பற்சக்கரம் இந்த மாதிரி. ஆனால் 70,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரு டீசல் வண்டியில் செலவு வைப்பது பிஸ்டனும் கிராங்கும் அல்ல. டர்போ, இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர், ஸ்டீயரிங் ராக், ஆல்டர்னேட்டர், ஏ.பி.எஸ். யூனிட், இ.சி.எம். என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், அப்புறம் டி.பி.எஃப். என்கிற கரி வடிகட்டி. ஆகவே தாளை வாங்கியதும் நீங்கள் தேட வேண்டியது இந்தப் பேர்களைத்தான். பேர் எழுதியிருந்தால் உண்டு. "இன்ஜின் சார்ந்த பாகங்கள்" என்று பொதுவாக இருந்தால் க்ளெய்ம் அன்றைக்கு அது இல்லை என்றுதான் முடியும்.

கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டிஸ்க், பேட்டரி, டயர், பெல்ட், ஹோஸ், ரப்பர் புஷ், பல்பு, வைப்பர், ஃபில்டர், ஆயில், கூலன்ட் இவையெல்லாம் எந்த வாரண்டியிலும் தேய்மானக் கணக்கில் போய்விடும். கம்பெனி வாரண்டியிலும் அப்படித்தான், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பெங்களூரில் ஓடிய வண்டியில் முதலில் கைக்காசு கேட்பது இந்தப் பட்டியல்தான். சில்க் போர்டு ஜங்ஷனில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் நகர்ந்து வந்த 68,000 கிலோமீட்டரும், நம் நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் ஓடிய 68,000 கிலோமீட்டரும் ஒன்றல்ல. மீட்டர் ஒரே எண்ணைக் காட்டினாலும் இன்ஜின் ஓடிய நேரம் அங்கே பல மடங்கு, கிளட்ச் மிதித்த கணக்கும் அப்படியே. கிளட்ச் செட் மாற்றினால் ஆகும் செலவை சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டு, விலை பேசும்போதே கழித்துப் பேசுங்கள். அந்தச் செலவை எந்த வாரண்டியும் தராது.

டி.பி.எஃப். பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல்தான் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானது, எனவே "2020 மாடல்" பி.எஸ்.4 ஆகவும் இருக்கலாம், பி.எஸ்.6 ஆகவும் இருக்கலாம். ஆர்.சி.யில் பார்த்தால் தெரிந்துவிடும். பி.எஸ்.6 டீசல் என்றால் புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடிய வண்டியில் கரி அடைத்து, விளக்கு எரிந்து, கடைசியில் வண்டி இழுக்காமல் போகும். பல தாள்களில் "அடைப்பினால் வரும் பழுது சேராது" என்று ஒரு வரி இருக்கும், அந்த வரி இந்த வடிகட்டிக்கும் இன்ஜெக்டருக்கும் சேர்த்துத்தான். நீங்கள் தினமும் காரிமங்கலத்திலிருந்து தர்மபுரிக்கு நெடுஞ்சாலையில் போய் வருபவர் என்றால் இனிமேல் அது அடைக்க வாய்ப்பு குறைவு. ஏற்கெனவே எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிடுங்கள். நல்ல பட்டறையில் கரி அளவை எண்ணாகவே காட்டுவார்கள்.

அடுத்து, க்ளெய்ம் எப்படி நிராகரிக்கப்படுகிறது என்பது. தொப்பூர் கணவாய் ஏறும்போது சூடாகி நின்ற ஒரு வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஹெட் கேஸ்கட் போயிருந்தது, வாரண்டி உயிரோடு இருந்தது, ஓனரும் ஒரு சர்வீஸைக்கூடத் தவறவிடாதவர். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள் விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது, ரிசர்வ் டேங்கில் கூலன்ட்டின் நிறமே இல்லை, துரு கலந்த வெறும் தண்ணீர். வழியில் குறையும்போதெல்லாம் தோட்டத்து போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி வந்திருக்கிறார். போட்டோ எடுத்து அனுப்பியதும் கம்பெனியிலிருந்து வந்த பதில் ஒரே வரி, குறிப்பிட்ட கூலன்ட் பயன்படுத்தவில்லை, க்ளெய்ம் ஏற்கப்படாது. என்னால் எதுவும் செய்ய முடியவில்லை, தாளில் அப்படித்தான் இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு குடிக்க நல்ல தண்ணீர் கிடைத்திருக்கிறது, ஆனால் நம் பக்கம் வண்டிக்கு ஊற்றுவது இன்னமும் போர் தண்ணீர்தான். வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நீங்கள் பார்க்கும் வண்டியிலும் இன்ஜின் ஆறியிருக்கும்போது அந்த மூடியைத் திறந்து, ஒரு வெள்ளைத் துணியால் உள் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள், ரேடியேட்டருக்கு என்ன ஊற்றி ஓட்டினார்கள் என்பது தெரிந்துவிடும்.

இன்னும் சில நிராகரிப்புக் காரணங்களை வேகமாகச் சொல்கிறேன். சர்வீஸ் தேதி தாண்டியது. வெளியில் ஒயரை வெட்டி ஹாரன், ஃபாக் லைட், ஆம்ப்ளிஃபயர் போட்டது. மீட்டரைத் திருப்பியது, அதைச் செய்தது முந்தைய ஓனராக இருந்தாலும் அடி உங்களுக்குத்தான். ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டியது. மாம்பழ சீசனில் பின் சீட்டை மடக்கிவிட்டு பெட்டி பெட்டியாகக் கூடை ஏற்றி சஸ்பென்ஷன் போனால், அளவுக்கு மீறிய பாரம் என்று அதையும் தள்ளுவார்கள். ஏரி நிரம்பிச் சாலையில் ஓடும் தண்ணீரில் இறக்கி இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் வாரண்டியில் கிடையாது, சாதாரண இன்சூரன்ஸிலும் வராது. அதற்கு இன்சூரன்ஸில் இன்ஜின் ப்ரொடெக்ட் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். வாரண்டி வேறு, இன்சூரன்ஸ் வேறு. முட்டினால், திருடு போனால், வெள்ளத்தில் மாட்டினால் இன்சூரன்ஸ். தானாகப் பழுதானால் வாரண்டி, அதுவும் தாளில் பேர் இருந்தால்.

நம் ஊருக்கு முக்கியமான விஷயம் ஒன்று, இதை யாரும் கேட்பதே இல்லை. வேலை எந்தப் பட்டறையில் நடக்கும்? சில தாள்களில் அவர்கள் பட்டியலில் உள்ள பட்டறைக்குத்தான் வண்டி போக வேண்டும், அது பெங்களூரிலோ சேலத்திலோ இருக்கும். அரூர் பக்கமோ அஞ்செட்டி பக்கமோ வண்டி நின்றால் அங்கிருந்து அந்தப் பட்டறைக்கு இழுத்துப்போகும் செலவு யாருடையது, அதற்கு வரம்பு எவ்வளவு? நெடுஞ்சாலையில் நின்றால் 1033-க்கு அடித்தால் உதவி வரும், வண்டியைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்துவார்கள், ஆனால் அவர்கள் உங்கள் வாரண்டி பட்டறை வரை கொண்டுபோய் விடப் போவதில்லை. அதேபோல், அனுமதி வாங்காமல் பாகத்தைப் பிரிக்கக் கூடாது என்ற விதி கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் உண்டு. அவசரத்துக்கு அருகில் இருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு கியர்பாக்ஸை இறக்கிவிட்டால் க்ளெய்ம் அத்தோடு முடிந்தது. பிரித்துப் பார்த்த பிறகு "இது சேராது" என்றால், பிரித்து மாட்டிய கூலியும் உங்கள் தலையில்தான். இதையும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பணக் கணக்கு. 22,000 என்பது ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? 18 சதவீதம் தனி என்றால் 25,960 ஆகிவிடும். அப்புறம் ஒரு க்ளெய்முக்கு இவ்வளவு, மொத்தமாக இவ்வளவு என்று இரண்டு உச்சவரம்பு இருக்கும். க்ளெய்முக்கு 30,000 என்று இருந்து, டர்போ மாற்ற 60,000 ஆனால் பாதி உங்கள் கையிலிருந்து. அதில் பாகத்தின் வயதுக்குத் தேய்மானம் கழித்து, ஆயில், கேஸ்கட் மாதிரி சில்லறைச் சாமான்களையும் கழித்தால் இன்னும் குறையும். ஆரம்ப 30 நாளுக்கோ 1,000 கிலோமீட்டருக்கோ க்ளெய்ம் கிடையாது என்ற மாதிரி காத்திருப்புக் காலமும் இருக்கிறதா பாருங்கள். பழைய வண்டியில் மறைத்து வைத்த குறை வெளியே வருவதே அந்த முதல் மாதத்தில்தான்.

எனவே உங்கள் மேனுவல் டீசலுக்கு நான் செய்வது இப்படி. 22,000-ஐத் தாளில் போடாமல், அதில் ஒரு சின்னப் பங்கை, விற்பவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மெக்கானிக்கை ஓசூருக்குக் கூட்டிப்போய் ஸ்கேன், கம்ப்ரஷன் டெஸ்ட், லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது வரை செய்யச் செலவழிப்பேன். வண்டியை இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, ஏற்றத்தில் டர்போ இழுவை விட்டுவிட்டு வருகிறதா என்று பார்ப்பேன். மீதியை பேங்கில் தனியாகப் போட்டு வைத்தால் இரண்டு வருஷத்தில் எது வந்தாலும் எந்தப் பட்டறையிலும் உங்கள் விருப்பப்படி செலவழிக்கலாம், ஒன்றும் வராவிட்டால் பணம் உங்களுடையதே. ஆனால் வண்டி ஆட்டோமேட்டிக்காக, அதிலும் டூயல் கிளட்ச் வகையாக இருந்தால் என் பதில் மாறும். அதில் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் லட்சத்தைத் தாண்டும், அதற்கு அந்தப் பாகத்தின் பேரைச் சொல்லி, போதிய வரம்போடு, கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே வேலை பார்க்கலாம் என்று தாளில் எழுதித் தந்தால் தாராளமாகப் போடுங்கள். 22,000 கொடுத்தாலும் தகும்.

கே.ஏ. நம்பர் என்பதால் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. கர்நாடகத்தில் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள்கால வரி கட்டி, டி.என். 29 நம்பர் வாங்கும் வரை ஆர்.சி. உங்கள் பேரில் முழுசாக வராது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் போட்டே ஆக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு சொல்கிறது, ஆனால் அது வரை இழுக்காதீர்கள். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு அங்கே விண்ணப்பிக்க முடியும், அந்தப் பணம் யாருக்கு என்பதையும் விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள். வாரண்டி சேசிஸ் நம்பரோடுதான் ஒட்டியிருக்கும் என்றாலும், ஓனர் பேர் மாறியதை இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று தாளில் கெடு இருக்கலாம். ஆர்.சி. வரட்டும் என்று காத்திருந்தால் கெடு தாண்டிவிடும். வாங்கிய அன்றைக்கே பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30, விற்பனை ரசீது இவற்றின் நகலோடு மெயில் அனுப்பிப் பதில் வாங்கி வைத்துவிடுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றக் கேளுங்கள். க்ளெய்ம் எடுக்காததற்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த நோ க்ளெய்ம் போனஸ் தள்ளுபடி உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.

எல்லாம் படித்துத் திருப்தியாகி வாரண்டியைப் போடுவது என்று முடிவெடுத்தால், பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வாரண்டிக்கு மட்டும் தனி பில், ஜி.எஸ்.டி. எண்ணோடு. கன்சல்டிங்காரர் வாயால் சொன்ன ஒவ்வொன்றையும், "டர்போ வருமா, இன்ஜெக்டர் வருமா, எந்தப் பட்டறை" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பிற்பாடு தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம், அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஓசூரில் இருக்கிறார், வாரண்டி நிறுவனம் வேறு ஊரில் இருக்கிறது என்று அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணமும் கிடையாது. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். அந்த பில்லும் வாட்ஸ்அப் பதில்களும் அங்கே அப்படியே ஆதாரமாக நிற்கும்.